முற்றத்தில் ஓவல் றேஸ் தடம் கட்டுவது எப்படி

ரிமோட் காருக்கு அடிமையான பிள்ளைகள் உள்ள வீட்டுக்காரருக்கு இது. நான் திருகோணமலையில் உவர்மலைப் பக்கம் மேசன் வேலை செய்கிறவன். தங்கச்சியின் மகன் டிவியில் அமெரிக்காவின் இன்டியானாபொலிஸ் கார் றேஸைப் பார்த்துவிட்டு, "மாமா, இப்படி ஒன்று கட்டித் தாங்கோ" என்று விடாமல் பிடித்துக்கொண்டதில் அவர்கள் வளவில் கட்டிக் கொடுத்தேன். பிறகு பக்கத்து வளவுகளிலிருந்தும் ஆட்கள் வந்து கேட்கத் தொடங்கினார்கள். எல்லாருக்கும் வாயால் சொல்லி அலுத்துப் போனதால் எழுதி வைக்கிறேன்.

ஓவல் என்றால் இரண்டு நேர்ப்பாதை, இரண்டு அரைவட்டம். அவ்வளவுதான். 46 அடிக்கு 26 அடி இடம், அதாவது சுமார் நாலரைப் பேர்ச் இருந்தால் சுற்றி நடக்கவும் வழி கிடைக்கும். 20 அடி இடைவெளியில் இரண்டு முளை அடியுங்கள். ஒவ்வொரு முளையிலும் கயிறு கட்டி, 9 அடியில் உள்வட்டமும் 10 அடி 9 அங்குலத்தில் வெளிவட்டமும் கீறுங்கள். பாதி வட்டம் போதும். இரண்டு பக்கத்தையும் நூல் பிடித்து நேராகச் சேர்த்தால் ஓவல் நிலத்தில் தெரியும். ஒரு சுற்று ஏறத்தாழ 103 அடி வரும்.

கோடு கீறுவதை யாரும் செய்யலாம். வேலை வளைவின் சாய்வில்தான் இருக்கிறது. வளைவில் கார் வெளியே ஓடப் பார்க்கும். நிலம் உள்பக்கம் சாய்ந்திருந்தால் அது காரைத் தாங்கும். வேகம் இரண்டு மடங்கானால் வெளியே இழுக்கும் விசை நாலு மடங்காகும். 10 அடி ஆரத்தில் மணிக்கு 15 கிலோமீற்றர் ஓடும் பொம்மைக் காருக்கு 30 பாகை சாய்வு சரியாக வரும். இன்டியானாபொலிஸ் வளைவுகளில் 9 பாகை 12 கலை மட்டும்தான். அங்கே வளைவின் ஆரம் 840 அடி என்பதால் அந்தச் சாய்வு தனியாகத் தாங்குவது மணிக்கு 70, 75 கிலோமீற்றர் வேகத்தைத்தான். மிச்ச வேகத்தை டயரும், காரைக் கீழே அமுக்கும் காற்றும் பார்த்துக்கொள்கின்றன. நம்முடைய பொம்மைக்கு அந்தக் காற்று வேலை செய்யாது, ஆகவே சாய்வில் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள்.

பலகையில் ஒரு முக்கோணம் வெட்டுங்கள்: அடி 21 அங்குலம், உயரம் 12 அங்குலம். இதுதான் உங்கள் அச்சு. வளைவு முழுக்க இரண்டு அடிக்கு ஒரு தரம் இதை வைத்துப் பார்க்க வேண்டும். நேர்ப்பாதையிலிருந்து திடீரென்று 30 பாகைக்கு ஏறக் கூடாது, கார் தூக்கி எறியப்படும். நேர்ப்பாதையின் கடைசி ஐந்து அடியில் 3, 6, 9 அங்குல உயர முக்கோணங்களை வரிசையாக வைத்து மெல்ல ஏற்றுங்கள். வெளிவிளிம்பில் நாலு அங்குலச் சீமெந்துக் கல்லால் ஒரு அடிச் சுவர் எழுப்பி, உள்ளே கிறவல் நிரப்புங்கள்.

இந்த நிரப்புதலில் அவசரப்படாதீர்கள். இங்கிலாந்தில் புரூக்லண்ட்ஸ் என்று ஒரு தடம் இருந்தது. மோட்டார் றேஸுக்கென்றே கட்டிய உலகின் முதல் பெரிய தடம். 1907 யூனில் திறந்தார்கள். நீளம் 2.75 மைல், அகலம் 100 அடி, சாய்வின் உச்சி கிட்டத்தட்ட 29 அடி. அவ்வளவு சரிவில் தார் போடுவது கஷ்டம் என்று கொங்கிறீட் போட்டார்கள். 1906 கடைசியில் தொடங்கிய வேலை அடுத்த கோடைக்குள் முடிந்துவிட்டது. புது மண் அதற்குள் இறுகுமா? காலப்போக்கில் அடிமண் இடத்துக்கு இடம் வேறுவேறு அளவில் இறங்கி, மேலே மேடும் பள்ளமும் ஆயிற்று. ஜோன் கொப் என்ற றேஸ் ஓட்டுநர் 1935இல் மணிக்கு 143.44 மைல் வேகத்தில் ஒரு சுற்று ஓடினார். அந்தச் சாதனை ஓட்டங்களின் காலத்தில் கார்கள் நாலு சக்கரமும் நிலம் விட்டுப் பாயும். பார்க்கிறவர்களுக்கு அது நல்ல காட்சிதான். மேசன் பார்த்தால் தலையில் கைவைப்பான்.

1939இல் யுத்தம் வந்ததும் அங்கே றேஸ் நின்றது, விமான வேலைதான் மிஞ்சியது. ஹரிக்கேன் என்ற பிரிட்டிஷ் போர் விமானத்தின் முதல் மாதிரி 1935 நவம்பரில் அந்தத் தடத்தின் நடுவே இருந்த ஓடுபாதையிலிருந்துதான் கிளம்பியது. 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பான்காரன் திருகோணமலைக்குக் குண்டு போட வந்தபோது சீனக்குடாவிலிருந்து எழுந்து மறித்ததும் அதே வகை விமானங்கள். சீனக்குடாப் பக்கம் போகும்போதெல்லாம் இதை மருமகனுக்குச் சொல்லுவேன், அவனுக்குச் சலித்துவிட்டது.

சரி, மண்ணுக்கு வருவோம். நான்கு அங்குலத்துக்கு ஒரு தட்டாகக் கிறவலைப் பரப்பி, தண்ணீர் தெளித்து, இடிகட்டையால் குத்துங்கள். ஆவணி, புரட்டாசியில் நிரப்பிவிட்டு மாரி மழை முழுவதும் அதன் மேல் பெய்ய விடுவதுதான் நல்லது. இறங்க வேண்டிய மண் அதற்குள் இறங்கிவிடும். மாசியில் குறைந்த இடத்தை நிரப்பி, மறுபடி குத்தி, அச்சை வைத்துப் பார்த்த பிறகு கொங்கிறீட் போடுங்கள்.

மணலுக்குக் கடற்கரைக்குப் போக வேண்டாம். உப்பு உள்ளே இருக்கும் கம்பியைத் தின்றுவிடும். ஆற்று மணல் வாங்குங்கள். சீமெந்து ஒன்றுக்கு இரண்டு மணல், நாலு சிறு சல்லி. இரண்டு அங்குலக் கனத்துக்கு 50 கிலோச் சீமெந்து ஆறு ஏழு பை போதும். நடுவில் கோழிக்கம்பி வலை. கலவை கெட்டியாக இருக்க வேண்டும். தண்ணீர் கூடினால் சரிவில் வழுக்கிக் கீழே வந்து குவியும். கீழ்விளிம்பில் தொடங்கி மேலே ஏறுங்கள், மட்டப்பலகையையும் அப்படியே இழுங்கள். ஆறு அடிக்கு ஒரு இடைவெளி விட்டுத் தார் ஊற்றுங்கள். விடியற்காலையில் போட்டு முடித்து, ஈரச் சாக்கு மூடி, ஏழு நாளாவது தண்ணீர் விட வேண்டும். வேலை வைகாசிக்குத் தள்ளிப்போனால் வறண்ட கச்சான் காற்று ஈரத்தை உறிஞ்சி, ஒரே பகலில் தலைமயிர் வெடிப்பு விழும். வளைவின் உள்பக்கம் தண்ணீர் தேங்கும், அதற்கு அடியில் ஒரு குழாய் வைக்க மறக்காதீர்கள்.

மேற்பரப்பை அதிகம் வழுவழுப்பாக்க வேண்டாம், மரத் தேய்ப்புப் போதும். மேற்பரப்பு கெட்டால் என்ன நடக்கும் என்பதற்கு இன்டியானாபொலிஸ் இருக்கிறது. 1909இல் உடைகல்லும் தாரும் போட்டுத் திறந்தார்கள். ஆகஸ்டில் முதல் கார் றேஸ்களிலேயே தடம் பெயர்ந்து, பார்வையாளர்கள் உட்பட ஐந்து பேர் செத்தார்கள். உடனே அதே வருடம் மணல் படுக்கையில் 32 இலட்சம் செங்கல் பதித்து, இடுக்குகளில் சாந்து நிரப்பினார்கள். அந்தச் செங்கல்லில்தான் 1911 மே 30இல் முதல் 500 மைல் றேஸ். ஜெயித்த ரே ஹரூன் சராசரி மணிக்கு 74.6 மைல் ஓடினார். கூட ஒரு மெக்கானிக் ஏறாமல் பின்பக்கம் பார்க்கக் கண்ணாடி பூட்டியிருந்தார். செங்கல் குலுக்கிய குலுக்கலில் அதில் எதுவும் சரியாகத் தெரியவில்லையாம். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தார் மூடியது. 1961இலிருந்து தொடக்கக் கோட்டில் மூன்று அடிப் பட்டை மட்டும் செங்கல்.

மருமகனுக்கு அதுவும் வேண்டும் என்றான். உங்களுக்கும் ஆசை இருந்தால், கொங்கிறீட் போடும்போதே நேர்ப்பாதையின் நடுவில் ஒரு செங்கல் அகலத்துக்கு இடம் விடுங்கள். நல்லாய் வெந்த கல்லாகப் பார்த்து, மட்டப்பலகை வைத்துத் தடத்தோடு ஒரே மட்டமாகப் பதியுங்கள். நூல் அளவு உயர்ந்தாலும் சின்னக் காரின் முன்சில்லு அதில் அடிபடும்.