ஒரு விதியை ஐந்து கட்டங்களில் எழுதுவது எப்படி?

"வாசகர்கள் படிப்பறையில் கைப்பேசியில் பேசக் கூடாது, மீறினால் வெளியேற்றப்படுவர்." நூலகச் சுவரில் இதைப் பார்த்ததும் நமக்குப் புரிந்துவிடுகிறது. ஆனால் விதிகளை ஒப்பிட விரும்பும் ஆய்வாளருக்கும் நிரல் எழுதுபவருக்கும் வாக்கியத்தைப் பிரித்துக் காட்ட வேண்டியிருக்கிறது. புதியவர்களுக்கு நான் முதலில் சொல்லித்தருவது, 1995இல் அரசியல் அறிவியலாளர்கள் சூ கிராஃபோர்டும் எலினார் ஆஸ்ட்ரமும் வகுத்த முறையைத்தான்: விதியை ஐந்து கட்டங்களாக, அதாவது ஐந்து பெட்டிகளாகப் பிரிப்பது.

படி 1: கட்டங்களை நிரப்புங்கள்

யார்: வாசகர்கள்
கடப்பாடு: கூடாது
செயல்: கைப்பேசியில் பேசுவது
சூழல்: படிப்பறையில்
மீறினால்: வெளியேற்றம்

தமிழில் எழுவாய் எளிதில் மறைந்துவிடும். "இங்கே வண்டி நிறுத்தக் கூடாது" என்றால் யார்? ஆம்புலன்ஸ் ஓட்டுநருமா? காலிக் கட்டத்தை அவசரப்பட்டு நிரப்பாமல், விதியை எழுதியவரிடம் கேளுங்கள்.

படி 2: வகையைக் கண்டறியுங்கள்

ஐந்தும் நிரம்பினால் விதி. "மீறினால்" இல்லையென்றால் நெறி: இறங்குபவர்களுக்கு முதலில் வழிவிட வேண்டும். கடப்பாடும் இல்லையென்றால் வழக்கம்: மின்தூக்கியில் ஏறியவர்கள் கதவைப் பார்த்து நிற்கிறார்கள். பலரும் இடறுவது இங்கேதான். வழிவிடாதவரைப் பார்த்து யாரோ முகம் சுளிப்பதை "மீறினால்" கட்டத்தில் எழுதிவிடாதீர்கள். தண்டனை முன்பே வரையறுக்கப்பட்டு, அதைச் செயல்படுத்தும் பொறுப்பும் ஒருவருக்கு இருந்தால்தான் அந்தக் கட்டம் நிரம்பும்.

படி 3: கடப்பாட்டைக் குறியீடாக்குங்கள்

1951இல் மெய்யியலாளர் வான் ரைட் கட்டாயம், அனுமதி, தடை ஆகியவற்றுக்கு ஒரு தருக்கம் அமைத்தார். தமிழில் இவை வேண்டும், -லாம், கூடாது. கட்டாயம் ஒன்றே போதும்: "பேசக் கூடாது" என்பது "பேசாதிருப்பது கட்டாயம்", "பேசலாம்" என்பது "பேசாதிருப்பது கட்டாயமில்லை". எதிர்மறை எங்கே நிற்கிறது என்று கூர்ந்து பாருங்கள். "பேச வேண்டியதில்லை" வேறு, "பேசாதிருக்க வேண்டும்" வேறு. "மழை பெய்யலாம்" என்பதோ அனுமதியே அல்ல, வாய்ப்பு.

படி 4: மீறலுக்குப் பிந்தைய கடமையைச் சோதியுங்கள்

"பேசக் கூடாது, பேசினால் மெதுவாகப் பேச வேண்டும்" என்று எழுதிப் பாருங்கள். ஒருவர் பேசிவிட்டால் மெதுவாகப் பேசுவது அவருக்குக் கட்டாயம். மெதுவாகப் பேசுவதும் பேசுவதுதானே? ஆகவே அவர் பேசியே தீர வேண்டும் என்று தருக்கம் முடிவுகட்டும்! 1984இல் மெய்யியலாளர் ஜேம்ஸ் ஃபாரெஸ்டர் சுட்டிய சிக்கல் இது. நீங்கள் புதிதாகத் தொடங்கும்போது இரண்டாம் கடமையைத் தனி வரிசையில், தடைசெய்த செயல் கலக்காமல் எழுதுங்கள்: "பேசிவிட்டால், உடனே படிப்பறையை விட்டு வெளியே செல்ல வேண்டும்."