ஃபிக்ஸ்டு கியர் சாலை சைக்கிளுக்கு ஃபிரேம் தேர்ந்தெடுப்பது எப்படி

பின்சக்கரம் சுழலும்வரை பெடலும் சேர்ந்தே சுழன்றுகொண்டிருக்கும் சைக்கிளைத்தான் ஃபிக்ஸ்டு கியர் என்கிறோம். மிதிக்காதபோதும் சக்கரத்தைத் தனியே சுழலவிடும் ஃப்ரீவீல் இதில் கிடையாது. ஒரே ஒரு பல்சக்கரம் பின்சக்கரத்தின் நடுப்பாகமான ஹப்பில் மரையால் இறுக்கப்பட்டு, அது பின்னோக்கிக் கழன்றுவிடாதபடி இடது மரை கொண்ட ஒரு பூட்டு வளையம் அதன்மேல் ஏற்றப்பட்டிருக்கும். வெலோட்ரோம் பந்தயத் தடங்களில் இன்றும் ஓடுவது இந்த வகைதான். சாலையிலும் இதற்கு நீண்ட வரலாறு உண்டு; பிரிட்டனின் சைக்கிள் சங்கத்தினர் குளிர்காலப் பயிற்சிக்கும் வாரயிறுதியில் தனித்தனியாக நேரம் குறித்து நடத்தும் போட்டிகளுக்கும் தலைமுறை தலைமுறையாக ஃபிக்ஸ்டு சைக்கிளையே நம்பியிருந்தார்கள். அந்த மரபில் வரும் சைக்கிளை, அதாவது வளைந்த ஹேண்டில்பாரோடு நாள் முழுக்கச் சாலையில் ஓட்டக்கூடிய ஒன்றை, பழைய ஃபிரேம் ஒன்றை அடிப்படையாக வைத்து நீங்களே கட்ட நினைத்தால் எப்படிப்பட்ட ஃபிரேமைத் தேட வேண்டும் என்பதை இங்கே விளக்குகிறேன்.

ஃபிரேம் வாங்கும்போது கண் முதலில் போவது பெயிண்டுக்கும் பெயர்ப்பலகைக்கும்தான். ஆனால் பெயிண்டை மறுபடி அடிக்கலாம். சக்கரம், பெடலைத் தாங்கும் கையான கிராங்க், ஹேண்டில்பார் எல்லாவற்றையும் மாற்றிக்கொள்ளலாம். பின் அச்சு உட்காரும் காடியின் வடிவம், கிராங்கின் அச்சு சுழலும் பாட்டம் பிராக்கெட் தரையிலிருந்து நிற்கும் உயரம், பெடலுக்கும் முன்சக்கரத்துக்கும் இடையிலுள்ள தூரம் ஆகிய மூன்றும் ஃபிரேம் கட்டப்பட்ட அன்றே முடிவாகிவிடுபவை. அதனால் இந்த மூன்றையும் பார்த்து முடித்த பிறகே மற்றவற்றுக்குப் போக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

முதலில் பின் அச்சுக் காடி. கியர் சைக்கிளில் செயினின் தொய்வை, கியர் மாற்றும் கருவியான டிரெய்லியரின் ஸ்பிரிங் இழுத்துக்கொள்ளும். ஃபிக்ஸ்டு சைக்கிளில் அப்படிச் செய்ய முடியாது; பெடலைப் பின்னோக்கி அழுத்தி வேகத்தைக் குறைக்கும்போது செயினின் கீழ்ப்பகுதி முழு விசையோடு இறுகுவதால், அங்கே மாட்டப்படும் எந்த ஸ்பிரிங் கருவியும் வளைந்துபோகும் அல்லது உடையும். ஆகவே சக்கரத்தையே முன்னும் பின்னும் நகர்த்தித்தான் செயினை இறுக்க வேண்டும். அதற்குக் காடி கிடைமட்டமாக நீண்டிருக்க வேண்டும்.

எவ்வளவு நீளம் வேண்டும் என்பதைக் கணக்கிட்டே சொல்லிவிடலாம். செயினின் ஒவ்வொரு கண்ணியும் அரை அங்குலம். உட்கண்ணியும் வெளிக்கண்ணியுமாக ஜோடியாகவே கழற்ற முடியும் என்பதால் செயினை ஒரு அங்குல அளவில்தான் குறைக்கலாம். செயின் முன்னே போய்த் திரும்பி வருவதால், ஒரு அங்குலம் குறைந்தால் அச்சு நகர்வது அதில் பாதி, அதாவது 12.7 மி.மீ. ஆகவே காடிக்குள் அச்சு 15 மி.மீ. தாராளமாக நகர இடமிருந்தால், எந்தப் பல் எண்ணிக்கையைத் தேர்ந்தாலும் செயின் பொருந்திவிடும். பின்பல்சக்கரத்தில் ஒரு பல் கூடினாலோ குறைந்தாலோ அச்சு ஏறத்தாழ 3 மி.மீ. நகரும், சமவெளிக்கு ஒன்று, மேட்டுச் சாலைக்கு ஒன்று என இரண்டு பல்சக்கரங்களை மாற்றி மாற்றிப் பயன்படுத்த நினைப்பவர்கள் இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். காடி சற்றுக் குட்டையாக இருந்தால் ஒரு முனை உட்கண்ணியாகவும் மறுமுனை வெளிக்கண்ணியாகவும் உள்ள ஒற்றை அரைக்கண்ணி ஒன்றைச் சேர்த்துத் தேவையான நகர்வைப் பாதியாக்கிக்கொள்ளலாம்.

கிடைமட்டக் காடி இரண்டு விதம். வெலோட்ரோமில் ஓடும் டிராக் சைக்கிள்களில் காடி பின்புறம் திறந்திருக்கும். 1970களிலும் 80களிலும் வந்த பெரும்பாலான சாலை ஃபிரேம்களில் அது முன்புறம் திறந்து, சற்றுக் கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கும். சாலைக்கு நான் இரண்டாவதையே பரிந்துரைப்பேன். மட்கார்டு மாட்டிய சைக்கிளில் டயர் பஞ்சரானால், பின்புறம் திறந்த காடியிலிருந்து சக்கரத்தைப் பின்னால் இழுக்கும்போது அது மட்கார்டில் போய் முட்டும். மழையில் நின்று மட்கார்டைத் தளர்த்திச் சக்கரத்தைக் கழற்றுவது அலுப்பான வேலை. முன்புறம் திறந்த காடியில் செயினை இறக்கிவிட்டுச் சக்கரத்தை முன்னால் தள்ளினால் கீழே வந்துவிடும். அந்தச் சாய்வும் பயனற்றதல்ல: சக்கரம் முன்பின் நகர்ந்தாலும் ரிம்முக்கும் பின் பிரேக் கட்டைக்கும் உள்ள உறவு அதிகம் மாறாமல் இருக்கும்.

நேர் செங்குத்தாக மேல்நோக்கி வெட்டிய காடி கொண்ட ஃபிரேம்களை, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், முதல்முறை கட்டுபவர்கள் தவிர்ப்பது நல்லது. 1990களுக்குப் பிந்தைய சாலை ஃபிரேம்களில் பெரும்பாலானவை இப்படித்தான் இருக்கும். வழி இல்லாமல் இல்லை; ஒயிட் இண்டஸ்ட்ரீஸ் நிறுவனத்தின் ஈனோ ஹப்பைப் போல அச்சு மையம் விலகிய ஹப்பை வாங்கிச் செயினை இறுக்கலாம். ஆனால் ஃபிரேமில் மிச்சம் பிடித்த பணம் அந்த ஹப்புக்கே போய்விடும்.

காடியைப் பார்க்கும்போது அதன் நீளத்தோடு நிறுத்தாமல், பழைய அச்சின் நட்டுகள் கடித்த தடங்களையும் விரலால் தடவிப் பாருங்கள். லேசான பல்தடம் பரவாயில்லை. ஒரு பக்கம் ஆழமான பள்ளம் விழுந்திருந்தால், புதிய அச்சு ஒவ்வொரு முறையும் அந்தப் பள்ளத்துக்கே வழுக்கிப் போகும். காய்ச்சி அடித்துச் செய்த தடித்த காடி, தகட்டிலிருந்து வெட்டியெடுத்த மெல்லிய காடியைவிட நட்டை உறுதியாகப் பிடிக்கும். பெடலை மிதிக்கும் விசை முழுவதும் வலப்பக்கத்து அச்சை முன்னோக்கி இழுப்பதால், இங்கே விரைவுப்பூட்டு அச்சைவிட 15 மி.மீ. ஸ்பேனரால் இறுக்கும் திட அச்சும் டிராக் நட்டுகளும் நம்பிக்கையானவை. டிரெய்லியர் தொங்கும் காது உங்களுக்குத் தேவைப்படாது. அழகுக்காக அதை அறுத்து எறிய வேண்டாம், நாளை அந்த ஃபிரேம் வேறொருவர் கையில் கியர் சைக்கிளாக மாறலாம்.

அடுத்தது இரண்டு காடிகளுக்கும் இடைப்பட்ட அகலம். டிராக் ஹப்பின் அகலம் 120 மி.மீ.; ஐந்து பல்சக்கரக் காலத்துச் சாலை ஃபிரேம்களும் இதே அகலம்தான், அவை கிடைத்தால் வேலை மிச்சம். ஆறு, ஏழு பல்சக்கரங்கள் வந்தபோது 126 மி.மீ. ஆகி, எட்டுக்குப் பிறகு 130 மி.மீ. ஆனது. 126 மி.மீ. ஃபிரேமில் 120 மி.மீ. ஹப்பைப் பொருத்த, அச்சின் இரு பக்கமும் 3 மி.மீ. வளையத்தைச் சேர்த்தால் போதும். அச்சு அதற்குத் தக்க நீளம் உள்ளதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இரும்பு ஃபிரேமாக இருந்தால் அனுபவமுள்ள ஃபிரேம் கட்டுநர் அதைக் குளிர்நிலையிலேயே வளைத்து அகலத்தை மாற்றித் தருவார். அலுமினியத்தையும் கார்பனையும் அப்படி வளைக்கக் கூடாது.

இனி பாட்டம் பிராக்கெட்டின் உயரம். சாதாரண சைக்கிளில் வளைவில் சாயும்போது உட்புறப் பெடலை மேலே நிறுத்திக்கொள்வோம். ஃபிக்ஸ்டு சைக்கிளில் பெடல் நிற்காது. சாய்ந்த நிலையிலும் அது கீழே வந்தே தீரும், தரையில் உரசினால் பின்சக்கரம் தூக்கப்பட்டு விழ நேரும். சாலை ஃபிரேம்களில் பாட்டம் பிராக்கெட், சக்கர அச்சுகளை இணைக்கும் கோட்டுக்குக் கீழே 70 மி.மீ. அளவில் தொங்கும், டிராக் ஃபிரேம்களில் இது பெரும்பாலும் 50 முதல் 60 மி.மீ.க்குள் இருக்கும். இன்றைய சாலை சைக்கிள்களின் வழக்கமான அளவான 700 சி சக்கரத்தில் 25 மி.மீ. டயர் மாட்டினால் அதன் ஆரம் ஏறத்தாழ 336 மி.மீ. ஆக, 70 மி.மீ. தொங்கும் ஃபிரேமில் பாட்டம் பிராக்கெட்டின் மையம் தரையிலிருந்து 266 மி.மீ. உயரத்தில் நிற்கும். இதற்கு 165 மி.மீ. கிராங்கும் ஒடுக்கமான பெடலும் மாட்டினால், நிதானமாக வளைவெடுப்பவருக்குச் சாலையில் போதுமானது. 75 மி.மீ.க்கு மேல் தொங்குவதையும் 170 மி.மீ.க்கு மேற்பட்ட கிராங்கையும் சேர்த்துக் கட்டாதீர்கள்.

பழைய பிரிட்டிஷ் ஃபிரேம்களில் ஒரு நுணுக்கம் உண்டு. அவற்றில் பல 27 அங்குலச் சக்கரத்துக்காகக் கட்டப்பட்டவை. அந்த ரிம்மில் டயர் உட்காரும் இடத்தின் விட்டம் 630 மி.மீ., 700 சி-யினுடையது 622 மி.மீ. புதிய சக்கரத்தை மாட்டும்போது ஃபிரேம் 4 மி.மீ. கீழிறங்கும், பிரேக் கட்டையும் 4 மி.மீ. கூடுதலாகக் கீழே எட்ட வேண்டியிருக்கும். 28 மி.மீ. டயர் போட்டால் இழந்த உயரத்தில் பெரும்பகுதி திரும்பிவிடும், மட்கார்டுக்கும் இடம் மிஞ்சும். பிரேக்கைப் பொறுத்தவரை, ஃபோர்க்கின் துளை மையத்திலிருந்து ரிம்மின் நடுப்பகுதிவரை அளந்து, 57 மி.மீ.க்குள் வந்தால் கடைகளில் எளிதாகக் கிடைக்கும் பிரேக்கே பொருந்தும்.

முன் பிரேக் இல்லாமல் சாலையில் ஓட்டுவதை நான் எந்தச் சூழலிலும் ஏற்கமாட்டேன். காலால் தரும் பின்னிழுப்பு பின்சக்கரத்தை மட்டுமே தடுக்கும். வேகம் குறையும்போது உடல் எடை முன்னோக்கிப் போவதால் அந்தச் சக்கரத்தின் பிடிப்பு அப்போதே தளர்ந்துவிடும், செயின் அறுந்தாலோ அதுவும் இல்லை. பிரிட்டனின் சட்டமும் ஃபிக்ஸ்டு சைக்கிளுக்கு முன் பிரேக்கைக் கட்டாயமாக்கியிருக்கிறது. எனவே ஃபோர்க்கின் தலையில் பிரேக் துளை இருக்கிறதா என்று பாருங்கள். ஜப்பானின் கெய்ரின் எனும் டிராக் பந்தயத்துக்காகக் கட்டப்பட்டு, அதற்கான அங்கீகாரமான என்.ஜே.எஸ். முத்திரை பெற்ற ஃபிரேம்கள் மிக நேர்த்தியானவை, இரண்டாம் கையாகவும் விற்கப்படுகின்றன. ஆனால் அவற்றின் ஃபோர்க்கில் துளை இருக்காது. துளையில்லாத ஃபோர்க்கைக் கடையில் கொடுத்துத் துளைப்பதைவிட, துளையுள்ள வேறு ஃபோர்க்கை வாங்குவதே பாதுகாப்பு. தவிர, அந்த ஃபிரேம்கள் கிட்டத்தட்ட 75 பாகை செங்குத்தான தலைக்குழாயோடு டிராக்குக்கென்றே கட்டப்பட்டவை. கரடுமுரடான சாலையில் ஒரு மணி நேரத்திலேயே கை வலிக்கத் தொடங்கும். 72, 73 பாகைத் தலைக்குழாய் கொண்ட சாலை ஃபிரேம் நேராகவும் அமைதியாகவும் ஓடும்.

மூன்றாவது, கால்விரல் முன்சக்கரத்தில் இடிப்பது. வேகமாகப் போகும்போது ஹேண்டில்பார் அவ்வளவு திரும்பாது என்பதால் இது நெரிசலிலும் சிக்னலிலும் மெதுவாகத் திரும்பும்போது மட்டுமே வரும் தொல்லை. ஆனால் ஃபிக்ஸ்டு சைக்கிளில் பெடலை நிறுத்தித் தப்பிக்க முடியாது. பாட்டம் பிராக்கெட்டின் மையத்திலிருந்து முன் அச்சின் மையம்வரை நேராக அளந்து பாருங்கள். டயரின் ஆரம், கிராங்கின் நீளம், பெடல் அச்சுக்கு முன்னால் நீளும் காலணிப் பகுதி மூன்றையும் கூட்டினால் பொதுவாக 600 மி.மீ.யை ஒட்டி வரும். ஃபிரேமின் அளவு அதைவிடக் குறைவாக இருந்தால் இடிக்கும். உயரம் குறைந்தவர்களுக்கான சிறிய ஃபிரேம்களில் இதை முழுவதும் தவிர்ப்பது கடினம். அவர்கள் குட்டையான கிராங்கையும் மெல்லிய டயரையும் கொண்டு ஓரளவு சமாளிக்கலாம்.

செயின் நேராக ஓட வேண்டும் என்பதால் பாட்டம் பிராக்கெட்டின் மரையும் முக்கியம். ஃபிக்ஸ்டு ஹப்பின் பல்சக்கரம் ஃபிரேமின் நடுக்கோட்டிலிருந்து ஏறத்தாழ 42 மி.மீ. தள்ளி நிற்கும், முன்பல்சக்கரமும் அதே கோட்டில் நிற்க வேண்டும். 68 மி.மீ. அகலமும் பி.எஸ்.ஏ. எனப்படும் ஆங்கில வகை மரையும் கொண்ட ஃபிரேமாக இருந்தால், அச்சும் பேரிங்கும் ஒன்றாக அடைத்துப் பல நீளங்களில் கிடைக்கும் கார்ட்ரிட்ஜில் பொருத்தமானதை மாட்டிச் சரிசெய்யலாம். பழைய பிரெஞ்சு ஃபிரேம்களுக்கும், அங்குலத்துக்கு 26 சுற்று மரை கொண்ட பழைய நாட்டிங்காம் ராலே ஃபிரேம்களுக்கும் பாகம் தேடுவது சிரமம்.

குழாயின் தரம் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. பர்மிங்காமின் ரேனால்ட்ஸ் நிறுவனம் 1935இல் அறிமுகப்படுத்திய 531 குழாயும், மிலானின் கொலம்பஸ் குழாய்களும், ஜப்பானின் டாங்கே குழாய்களும் சிறந்தவை. ஒட்டுச்சீட்டு உரிந்துபோன ஃபிரேமில் 27.2 மி.மீ. சீட் கம்பி சரியாக உட்கார்ந்தால் குழாய் மெல்லிய சுவருள்ள நல்ல இரும்பு என்று ஊகிக்கலாம். குரோமியமும் மாலிப்டினமும் கலந்த சாதாரண குரோம்-மாலி இரும்பும் பல்லாண்டு உழைக்கும்.

நம் ஊர் ரோட்ஸ்டர் சைக்கிளின் ஃபிரேமைப் பயன்படுத்தலாமா என்று பலர் கேட்பதுண்டு. காடி கிடைமட்டமாக இருப்பதால் செயினை இறுக்கிவிடலாம். ஆனால் அது 635 மி.மீ. ரிம்முக்கும், ரிம்மின் உட்புறத்தைப் பிடிக்கும் கம்பி பிரேக்குக்கும், காட்டர் முள் அடித்த கிராங்குக்கும் கட்டப்பட்டது. சாய்ந்த கோணங்களும் நீண்ட ஃபிரேமும் பாரம் சுமக்க ஏற்றவை. சாலைச் சைக்கிளாக மாற்ற ஏறக்குறைய எல்லாவற்றையும் மாற்ற வேண்டியிருக்கும் என்பதால் அந்தப் பணத்தில் பழைய சாலை ஃபிரேம் வாங்குவதே மேல்.

ஃபிரேமைக் கையில் எடுத்ததும் தலைகீழாகத் திருப்புங்கள். தலைக்குழாய்க்குச் சற்றுப் பின்னால், கீழ்க்குழாயின் அடிப்புறத்தில் விரலை ஓட்டினால் சிறு மேடு தட்டுப்படுகிறதா, அந்த இடத்தில் பெயிண்ட் குறுக்காக வெடித்திருக்கிறதா என்று பாருங்கள். இரண்டில் ஒன்று இருந்தாலும் அந்தச் சைக்கிள் நேருக்கு நேர் மோதியது என்று பொருள், வாங்க வேண்டாம். பின்னர் ஒரு நூலை வலப்பக்கக் காடியில் கட்டித் தலைக்குழாயைச் சுற்றிக்கொண்டு வந்து இடப்பக்கக் காடியில் இறுக்கிக் கட்டி, சீட் குழாயிலிருந்து இரு பக்கமும் நூல் எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று வெர்னியர் காலிப்பரால் அளந்துகொள்ளுங்கள். ஓரிரு மி.மீ. வேறுபாட்டை விட்டுவிடலாம். அதற்கு மேல் போனால் பின்பகுதி கோணியிருக்கிறது. இரும்பாக இருந்தால் நிமிர்த்த ஆகும் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள். சீட் கம்பியும் ஹேண்டில்பாரைத் தாங்கும் ஸ்டெம்மும் அசைகின்றனவா என்று விற்பவர் முன்னாலேயே திருகிப் பார்த்துவிடுங்கள், ஏனென்றால் இரும்புக் குழாய்க்குள் அரித்துப் பிடித்துக்கொண்ட அலுமினியக் கம்பியை எடுக்க ஆகும் செலவு சில சமயம் ஃபிரேமின் விலையையே தாண்டும்.

இவை எல்லாம் தேறி, கியர் சைக்கிளில் நீங்கள் வழக்கமாக ஓட்டும் அதே அளவில் ஃபிரேம் அமைந்தால் வாங்கிவிடுங்கள். ஹப், கிராங்க், பாட்டம் பிராக்கெட் ஆகியவற்றை அதற்குப் பிறகு, ஃபிரேமைப் பக்கத்தில் வைத்து அளந்தபடியே ஒவ்வொன்றாகச் சேர்க்கலாம்.