வல்ச்சர் வாங்கப் போகிறீர்களா? முதலில் மின்கணக்கு

எலைட் டேஞ்சரஸ் என்ற விண்வெளி வீடியோ கேமில் சண்டைக்கென்று கப்பல் தேடுகிறவர்கள் பெரும்பாலும் வல்ச்சரில் வந்து நிற்பார்கள். விலை ஏறக்குறைய 49 லட்சம் கிரெடிட் (கேமில் புழங்கும் பணம்). சின்னக் கப்பல்தான், ஆனால் இரண்டு பெரிய ஆயுதங்கள் மாட்டலாம். சட்டென்று திரும்பும். கடையில் நிற்கும்போது குறையே தெரியாது.

குறை மின்சாரத்தில் இருக்கிறது. கப்பலுக்கு மின்சாரம் தருவது பவர் பிளான்ட்; இதில் 4-ஆம் அளவுக்கு மேல் பொருந்தாது. அதில் உசத்தியான ஏ ரகமே 15.6 மெகாவாட்தான் தரும். பெரிய லேசர் இரண்டு, நல்ல ஷீல்டு, அதற்கு வலுவூட்ட ஒரு பூஸ்டர் என்று ஆசைப்பட்டு அடுக்கினால், ஆயுதங்களை வெளியே நீட்டிய நொடியில் ஏதாவது ஒன்று அணைந்துவிடும். அது ஷீல்டாக இருந்தால், சரி, கதை முடிந்தது.

அதனால் பொருத்தும் திரையில் ஆயுதம் நீட்டிய நிலைக்கான மின்செலவைப் பாருங்கள். மடக்கிய நிலைக்கான எண் ஏமாற்றும். அப்புறம், மின்சாரம் போதாதபோது எது முதலில் அணைய வேண்டும் என்று முடிவுசெய்யும் முன்னுரிமைப் பட்டியலில் சரக்குக் கதவையும், வேறு நட்சத்திரத்துக்குத் தாவ உதவும் எஃப்எஸ்டி இயந்திரத்தையும் கடைசிக்குத் தள்ளுங்கள். ஆயுதம் நீட்டியிருக்கும்போது எப்படியும் தாவ முடியாதே! மடக்கியதும் எஃப்எஸ்டி தானாக உயிர்பெறும்.

தாவும் தூரம் குறைவு, அதை மாற்ற வழி தேடி மெனக்கெட வேண்டாம். கப்பல் வெடித்தால் மொத்த மதிப்பில் 5 சதவீதம் கட்டித்தான் திரும்ப வாங்க வேண்டும். பொருத்திய கருவிகளின் விலையும் அதில் சேரும். அந்தத் தொகை கையில் இல்லாமல் நிலையத்தை விட்டுக் கிளம்பாதீர்கள்.