ஆம்புலன்ஸ் பணியில் புதிதாகச் சேர்பவர் நம்பிக்கைகளோடு பழகும் முறை
சிங்கப்பூரில் 995 அழைப்புகளுக்கு விரையும் ஆம்புலன்ஸில் சேர்பவர், "இன்று அமைதியாக இருக்கிறதே" என்று வாய்விட்டுச் சொல்லாதிருப்பது நல்லது. சொன்னால் அழைப்புகள் குவியும் என்பது பல நாடுகளிலும் இப்பணியாளரிடையே உள்ள நம்பிக்கை. பணியின்போது பாவ் (ஆவியில் வேகவைத்த சீனப் பன்) வாங்கி நீட்டுவதையும் தவிருங்கள், அதுவும் வேலையைக் குவிக்கும் என்று நம்பி இங்குள்ள மருத்துவப் பணியாளர் பலர் அதைத் தொடமாட்டார்கள். நம்பாவிட்டாலும் விவாதிக்க வேண்டாம். களைத்த மனத்துக்கு அது ஒரு பிடிமானம்.

கோயிலில் மணிக்கட்டில் கட்டிய கயிற்றை மட்டும் பணிக்கு முன் கழற்றிப் பையில் வையுங்கள், ஏனெனில் நனைந்த நூலில் கிருமி தங்கும்.

உங்களுக்கென ஒரு சடங்கு வேண்டுமானால், வண்டியில் ஏறியதும் ஆக்சிஜன் உருளையின் அழுத்தமானியைப் பார்த்து, சளி உறிஞ்சும் கருவியை இயக்கி, இதயத்துக்கு மின்னதிர்ச்சி தரும் டிஃபிபிரிலேட்டரின் மின்கலத்தைச் சோதிப்பதை எப்போதும் ஒரே வரிசையில் செய்யுங்கள். வரிசை மாறாதபோது விடுபட்டது உடனே கண்ணில் படும்.