வேக்கம் கிளீனர்ல கருகுற வாடை வந்துச்சு, இப்படித்தான் சரி பண்ணேன்

போன மாசம் பெயின்ட் வேலை முடிஞ்சு பட்டி தேச்ச தூசி வீடு முழுக்க மாவு மாதிரி படிஞ்சு கெடந்துச்சு, சரின்னு வேக்கம் கிளீனர எடுத்து இழுக்க ஆரம்பிச்சேன், பத்து நிமிஷம்கூட ஆகல, கருகுற வாடை, சத்தம் கீச்சுன்னு ஏறிக்கிட்டே போயி அதுவா நின்னுடுச்சு.

மொதல்ல பிளக்க புடுங்கினேன், இத மட்டும் யாரும் மறந்துடாதீங்க. ஒரு மணி நேரம் கழிச்சு போட்டா ஓடுது! சூடு ஏறினா கரண்ட கட் பண்ற தெர்மல் கட்-ஆஃப் உள்ள இருக்கு, அதான் மோட்டார காப்பாத்திருக்கு.

பை பாதிகூட நிரம்பல. ஆனா ஃபில்டர் பட்டி பவுடர் ஏறி சுவரு மாதிரி இறுகிப்போச்சு. இந்த மாதிரி மெஷின்ல உள்ள இழுக்குற காத்துதான் மோட்டார குளிர வைக்குது, காத்து அடைபட்டா வைண்டிங் (மோட்டாருக்குள்ள சுத்தியிருக்குற கம்பி) சூடாகி அதுமேல இருக்குற வார்னிஷ் கருகி வாடை அடிக்கும். ஃபில்டர அலசி ஒரு நாள் முழுக்க நெழல்ல காய வெச்சேன், ஈரத்தோட மாட்டவே கூடாது.

அப்புறமும் லேசா வாடை இருந்துச்சு, லைட்ட அணைச்சுட்டு காத்து வெளிய வர்ற ஓட்டைல பாத்தா உள்ள நீலமா பொறி. காயில் கட்டுற கடைக்கு கொண்டு போனேன், அந்த அண்ணன் கழட்டி காட்டுனாரு, மோட்டார்ல சுத்துற பாகத்த உரசிக்கிட்டே கரண்ட் குடுக்குற ரெண்டு கார்பன் கட்டில ஒன்னு தேஞ்சு நகம் அளவுக்கு வந்துடுச்சு, அதான் பொறி, ஒன்னு தேஞ்சாலும் ரெண்டையும் சேத்துதான் மாத்தணும்னாரு. மாத்தியாச்சு, இப்ப வாடை சுத்தமா இல்ல, பட்டி தூசிய ஈரத்துணி வெச்சுத்தான் தொடைக்கிறேன்.