கார் இல்லாத வீட்டில் பிறந்தநாள் விருந்து: சாமான் வாங்குவது முதல் பாத்திரம் திருப்புவது வரை

மகளின் பிறந்தநாளை நாங்கள் மண்டபத்தில் வைப்பதில்லை. வீட்டு மொட்டை மாடியில்தான் கொண்டாடுகிறோம். எங்களிடம் காரும் இல்லை, இருசக்கர வண்டியும் இல்லை. வீடு திருநெல்வேலியில், பாளையங்கோட்டை பெருமாள்புரத்தில். வேண்டிய பொருள்கள் கிடைக்கும் இடங்களோ டவுண், ஜங்ஷன், வண்ணார்பேட்டை, பாளை மார்க்கெட் என்று ஆளுக்கொரு திசையில் இருக்கின்றன. இருந்தும் 20 குழந்தைகளும் 20 பெரியவர்களும் வயிறார உண்டு போகும் விருந்தை டவுன் பஸ், ஆட்டோ, கடைக்காரர்களின் வண்டி ஆகிய மூன்றையும் வைத்தே நடத்திவிடலாம். முதன்முறையாகச் செய்யப்போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். சமையல் குறிப்பு இதில் இருக்காது. பொருள் எப்படி வீடு வந்து சேரும் என்பதுதான் இங்கே பேச்சு.

படி 1: நாளையும் நேரத்தையும் குறியுங்கள்

பிறந்த தேதியிலேயே விருந்து வைக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அன்று காலை கோயிலுக்குப் போய்விட்டு, விருந்தை அடுத்து வரும் ஞாயிறு மாலைக்குத் தள்ளிவையுங்கள். வெயில் இறங்கிய பிறகு, ஐந்து மணிக்குத் தொடங்கினால் காலைப்பொழுது முழுவதும் வேலைக்குக் கிடைக்கும்.

தேதியை உறவினர்களுக்குச் சொல்லும் முன் ஊர்த் திருவிழாக்களையும் பாருங்கள். ஆனித் தேரோட்டத்தின்போது நெல்லையப்பர் கோயிலைச் சுற்றியுள்ள ரதவீதிகளில் வண்டி நுழைய முடியாது. பாளையங்கோட்டையில் தசரா நேரத்தில் அம்மன் சப்பரங்கள் வரும் இரவுகளிலும் அப்படித்தான். தீபாவளிக்கு முந்தைய இரண்டு வாரங்கள் டவுணில் கால் வைக்க இடம் இருக்காது. ஐப்பசி, கார்த்திகையில் பிறந்த குழந்தை என்றால் மாலை மழையை எதிர்பார்த்து, மொட்டை மாடிக்குப் பதில் கூடத்தில் இடம் ஒதுக்குங்கள். பங்குனி, சித்திரை என்றால் கீழே கேக் பற்றி எழுதியிருப்பதை இரண்டு முறை படியுங்கள்.

படி 2: பட்டியலை நான்காகப் பிரியுங்கள்

எல்லோரும் பட்டியலைக் கடை வாரியாகப் பிரிப்பார்கள். சொந்த வண்டி இல்லாதவர்களுக்கு அது உதவாது. கனமானவை, கெட்டுப்போகிறவை, நசுங்குகிறவை, இந்த மூன்றிலும் சேராதவை என்று பிரியுங்கள்.

தண்ணீர் கேன், அரிசி, நாற்காலி, அண்டா ஆகியவை கனமானவை. இவற்றில் ஒன்றைக்கூட நீங்கள் தூக்கக் கூடாது. கடைக்காரரின் வண்டியில்தான் வர வேண்டும். பால், தயிர், இட்லி மாவு போன்றவை கெட்டுப்போகிறவை. இவற்றை அன்று காலை நடந்துபோகும் தூரத்தில் வாங்குங்கள், சில ரூபாய் கூடுதலாக இருந்தாலும் பரவாயில்லை. கேக், வாழை இலை, பூ, கனிந்த பழம் ஆகியவை நசுங்குகிறவை. ஆட்டோவுக்கான பணத்தை இவற்றுக்கு மட்டும் செலவிடுங்கள். பலூன், வண்ணத்தாள், மெழுகுவர்த்தி, தட்டு, பரிசுப்பொருள் எல்லாம் நான்காவது வகை. இவற்றை ஒரு வாரம் முன்பிருந்தே டவுன் பஸ்ஸில் கொண்டுவந்து சேர்த்துவிடலாம்.

2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. இந்த வசதியை நன்றாகப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். ஒரே நாளில் டவுணுக்குப் போய் எல்லாவற்றையும் சுமந்துகொண்டு கூட்டத்தில் தவிப்பதைவிட, வேறு வேலையாகப் போகும்போதெல்லாம் ஒரு பை நிறையக் கொண்டுவருவது மேல். பெரிய மூட்டையாக இருந்தால் நடத்துநர் லக்கேஜ் டிக்கெட் கேட்கக்கூடும்; சில்லறை வைத்திருங்கள். பை என்றால் எனக்குக் கட்டைப்பைதான். அடி அகலமாக இருப்பதால் பஸ்ஸின் தரையில் நிமிர்ந்து நிற்கும், தட்டு அடுக்கினாலும் சரியாது. தோளில் மாட்டும் பை ஒன்றும் கூடவே இருந்தால், பிள்ளையைப் பிடித்துக்கொள்ள ஒரு கை மிச்சமாகும்.

படி 3: கனமானவை தாமாக வரட்டும்

தெருமுனைப் பலசரக்குக் கடைக்கு விருந்துக்கு நான்கு நாள் முன்பே பட்டியலை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். மாதச் சாமான் வாங்கும் கடையாக இருந்தால் அரிசியும் எண்ணெயும் பருப்பும் வீட்டுக்கே வந்துவிடும். சமையலுக்குத் தவசுப்பிள்ளையை அமர்த்தினால் சாமான் பட்டியலை அவரே எழுதித் தருவார். அதை அப்படியே கடைக்கு அனுப்பாமல், வீட்டில் ஏற்கெனவே இருப்பதை அடித்துவிட்டு அனுப்புங்கள்.

20 லிட்டர் தண்ணீர் கேன் ஒன்று 20 கிலோ கனக்கும். 40 பேருக்குக் குடிக்கவும் சர்பத் கலக்கவும் மூன்று கேன் தாராளம். கேன்காரரிடம் முதல் நாள் மாலையே மாடிவரை ஏற்றித் தரச் சொல்லிவிடுங்கள். மாடிப்படிக்குத் தனியாக ஏதாவது கேட்டால் தயங்காமல் கொடுங்கள். குளிர்பானப் பாட்டில்களை நான் வாங்குவதே இல்லை. அவற்றில் நாம் காசு கொடுத்துச் சுமப்பது பெரும்பாலும் தண்ணீரைத்தான். ஒரு நன்னாரி சர்பத் பாட்டிலும் ஒரு கிலோ எலுமிச்சையும் பையில் அடங்கிவிடும்.

நாற்காலி, அண்டா, கரண்டி, ஜமக்காளம் ஆகிய எல்லாவற்றையும் ஒரே வாடகைக் கடையில் எடுங்கள். இரண்டு கடையில் எடுத்தால் இரண்டு வண்டி வாடகை. கொண்டுவந்து இறக்குவதும் மறுநாள் வந்து எடுப்பதும் வாடகையில் அடக்கமா என்று முன்பணம் கொடுக்கும் முன்பே கேளுங்கள். அடக்கம் இல்லை என்றால் ஒரு குட்டியானை வண்டியை நீங்களே பேசி, வரும் வழியில் வாழை இலைக் கட்டையும் பழத்தாரையும் அதிலேயே ஏற்றிக்கொள்ளலாம். குழந்தைகளுக்கு நாற்காலியே வேண்டாம். ஜமக்காளம் விரித்தால் அவர்கள் சந்தோஷமாக உட்கார்ந்துகொள்வார்கள், வண்டியில் பாதி இடமும் மிச்சம்.

படி 4: பயணத்துக்கு ஏற்ற உணவு

சுடச்சுடப் பரிமாற வேண்டிய பூரி, தோசை வகைகளை விட்டுவிடுங்கள். என் பட்டியல் இது: தக்காளி சாதம், தயிர் சாதம், உருளைக்கிழங்குப் பொரியல், பொடி இட்லி, வாழைப்பழம், அல்வா. கலந்த சாதம் மட்டுமே உணவு என்றால் ஒரு கிலோ அரிசி 8 முதல் 10 பெரியவர்களுக்குக் காணும். குழந்தையைப் பாதி ஆளாக வைத்தால் நம் 40 பேர் 30 பேர் கணக்கு. இட்லியும் இருப்பதால் தக்காளி சாதத்துக்கு 2 கிலோ அரிசியும் தயிர் சாதத்துக்கு 1 கிலோவும் போதும்.

குட்டி இட்லி வேண்டும் என்று பிள்ளைகள் கேட்பார்கள். அதற்கென்று தனித் தட்டு வாங்காதீர்கள், எத்தனை ஈடு வைத்தாலும் தீராது. வழக்கமான இட்லியை அவித்து, ஆறியதும் நான்காக வெட்டி, நல்லெண்ணெயும் காரம் குறைந்த பொடியும் போட்டுக் குலுக்கினால் அதே ருசி. ஒரு கிலோ மாவுக்கு ஏறத்தாழ 20 இட்லி வரும். 3 கிலோ மாவு வாங்குங்கள்.

அல்வா நம் ஊர் நமக்குத் தந்த பெரிய வசதி. குளிர்பெட்டி வேண்டாம், நசுங்கினாலும் கெடாது. இரண்டு நாள் முன்பே வாங்கிவிடலாம். ஆளுக்கு 50 கிராம் என்றால் 2 கிலோ. இருட்டுக்கடை அல்வாதான் வேண்டும் என்பவர்கள் அது மாலையில்தான் திறக்கும், வரிசையில் நிற்க வேண்டும் என்பதையும் சேர்த்து நேரம் ஒதுக்குங்கள்.

இங்கே ஒரு விஷயத்தைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். சமைத்த உணவில் கிருமிகள் வேகமாகப் பெருகுவது 5 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரையான வெப்பத்தில். அந்த நிலையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் எந்த உணவும் இருக்கக் கூடாது; வெளியே 32 டிகிரிக்கு மேல் வெயில் இருந்தால் ஒரு மணி நேரம்தான். அண்டாவில் ஆவி பறக்க இருக்கும் சாதத்தால் தொல்லை இல்லை. வெதுவெதுப்பாக ஆறி, மூடியே கிடக்கும் சாதம்தான் பிள்ளைகளின் வயிற்றைக் கெடுக்கும். ஆகவே மதியமே சமைத்து முடிக்காதீர்கள். தக்காளி சாதத்தை ஐந்து மணியளவில் இறக்குமாறு பார்த்துக்கொள்ளுங்கள். தயிர் சாதத்தில் பாலை அதிகமாகவும் தயிரைக் குறைவாகவும் சேர்த்து, கடைசியாகக் கலக்குங்கள்.

படி 5: கேக்கை வீட்டுக்குக் கொண்டுவருவது

எங்களை மிகவும் தடுமாற வைத்தது இந்தப் படிதான். வண்ணார்பேட்டையிலிருந்து பெருமாள்புரம் அப்படியொன்றும் தொலைவில்லை. ஆனாலும் சித்திரை வெயிலில் ஆட்டோவில் வந்த கேக்கின் ஒரு பக்கத்து கிரீம் முழுவதும் பெட்டியின் சுவரில் ஒட்டிக்கொண்டு வந்தது. அதன்பிறகு கேக் கடைக்காரர்களிடமும் ஆட்டோ ஓட்டுநர்களிடமும் கேட்டுக் கேட்டுச் சேர்த்துக்கொண்டவற்றை இங்கே தருகிறேன்.

ஆர்டர் கொடுக்கும்போதே தொடங்குங்கள். உயரமான இரண்டடுக்கு கேக் வேண்டாம்; அகலமான, குட்டையான கேக்காகக் கேளுங்கள். ஒரு கிலோ கேக்கை 10 முதல் 12 துண்டுகளாகப் போடலாம், 40 பேருக்குச் சிறு துண்டுகளாக 3 கிலோ போதும். அதை ஒரே கேக்காக வாங்காமல், மேலே எழுத்தும் பொம்மையும் உள்ள ஒரு கிலோ கேக் ஒன்று, கிரீம் இல்லாத வெறும் பட்டர் கேக் இரண்டு கிலோ என்று பிரித்துவிடுங்கள். பட்டர் கேக்கைக் கட்டைப்பையில் வைத்து பஸ்ஸிலேயே கொண்டுவரலாம். படம் எடுக்கவும் மெழுகுவர்த்தி ஏற்றவும் ஒன்று, தட்டில் வைத்துக் கொடுக்க மற்றது. பந்தியில் யாருக்கும் வித்தியாசம் தெரிவதில்லை.

கிரீம் கேக் முந்தைய இரவே செய்து முடிக்கப்பட்டு, கடையின் குளிர்பெட்டியில் இருந்திருக்க வேண்டும். காலையில் கிரீம் தடவி உடனே கையில் கொடுத்தால் வழியிலேயே இளகிவிடும். ‘முதல் நாள் ராத்திரியே செய்து உள்ளே வைத்துவிடுங்கள்’ என்று சொல்லி, அதை ரசீதிலும் எழுதச் சொல்லுங்கள்.

அடுத்து பெட்டி. கேக்கின் அடியட்டை பெட்டிக்குள் அசையாமல் பொருந்த வேண்டும். இடைவெளி இருந்தால் ஒவ்வொரு வேகத்தடைக்கும் கேக் நகரும். அடியட்டைக்குக் கீழே பிழிந்த ஈரத்துணி ஒன்றை மடித்துப் போட்டால் வழுக்காது. பெட்டியை இன்னும் பெரிய அட்டைப்பெட்டிக்குள் இறக்கி, முதல் நாள் இரவு உறையவைத்த தண்ணீர் பாட்டில்களைத் துண்டில் சுற்றி நான்கு பக்கமும் செருகுங்கள்.

ஆட்டோவில் ஏறியதும் எல்லோரும் கேக்கை மடியில் வைத்துக்கொள்வார்கள். வைக்காதீர்கள். மடி சரிவானது, ஆட்டோ இருக்கையும் பின்பக்கம் சாய்ந்தது, போதாததற்கு உடம்புச் சூடு வேறு. கால் வைக்கும் தரைதான் சமமான இடம். அங்கே வைத்து இரண்டு பாதங்களாலும் அணைத்துக்கொள்ளுங்கள். ஏறும்போதே ஓட்டுநரிடம், ‘அண்ணாச்சி, உள்ளே கேக் இருக்கிறது, மெதுவாகப் போங்கள், நேரமானாலும் பரவாயில்லை’ என்று சொல்லிவிடுங்கள். குழந்தையின் பிறந்தநாள் என்று தெரிந்தால் பள்ளம் பார்த்து ஓட்டுகிறவர்கள்தான் இங்கே அதிகம். மேலப்பாளையம் பக்கமிருந்து குலவணிகர்புரம் ரயில்வே கேட்டைத் தாண்டி வர வேண்டியவர்கள், கேட் மூடியிருக்கும் நேரத்தையும் கணக்கில் சேருங்கள். பகல் பன்னிரண்டுக்கும் மூன்றுக்கும் இடையில் கேக் தெருவில் இருக்கவே கூடாது. காலை பத்து மணிக்குள் கொண்டுவந்து வீட்டுக் குளிர்பெட்டியில் வைத்துவிடுங்கள். அதற்கு வேண்டிய தட்டை முந்தைய இரவே காலி செய்து, பெட்டியின் உயரம் கொள்ளுமா என்று அளந்தும் பாருங்கள்.

பின்னர் சேர்த்தது: அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து ஒரு வாசகி, தன் ஊருக்கு ஆட்டோவில் போவது கட்டுப்படியாகாதே, என்ன செய்வது என்று கேட்டிருந்தார். செங்கோட்டை செல்லும் பயணிகள் ரயிலில் போங்கள் என்பதே என் பதில். பஸ்ஸைவிட ரயிலில் குலுக்கல் குறைவு, இருக்கைக்கு அடியில் சமமான தரையும் உண்டு. கிரீம் கேக்கைக் காலை வண்டியில் மட்டும் கொண்டுபோங்கள். வண்டி நேரம் ஒத்துவராவிட்டால் வெறும் கேக்கை வாங்கிப்போய், வண்ண மிட்டாய்களை அங்கேயே பதித்து அலங்கரிக்கலாம். அவர் அப்படித்தான் செய்தாராம். அலங்கரிக்கும் வேலையைப் பிள்ளைகளிடமே விட்டதில் அவர்களுக்குப் பெரிய மகிழ்ச்சி என்று எழுதியிருந்தார்.

படி 6: அலங்காரமும் பரிசும்

பலூனை ஊதாமல் வாங்கி, கைப்பம்பால் வீட்டில் ஊதுங்கள். பலூனுக்கான பிளாஸ்டிக் குச்சிகளும் அலங்காரத் தெர்மாகோலும் 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் தடை செய்யப்பட்டவை. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதலே தெர்மாகோல் தட்டு, பிளாஸ்டிக் டம்ளர், உறிஞ்சுகுழல், பிளாஸ்டிக் பூசிய காகிதத் தட்டு, கப் எல்லாவற்றுக்கும் தடை உண்டு. பாக்குமட்டைத் தட்டு வாங்குங்கள்: கனமில்லை, ஒன்றுக்குள் ஒன்று அடங்கும், குழம்பு ஊற்றினாலும் தாங்கும். டம்ளரை வாடகைக் கடையிலேயே எவர்சில்வரில் எடுத்துவிடலாம்.

வாயு நிரப்பிய பறக்கும் பலூன் வேண்டவே வேண்டாம். பஸ்ஸில் கொண்டுவர முடியாது என்பது ஒருபுறம் இருக்க, தெருவில் நிரப்பித் தருவது பெரும்பாலும் தீப்பற்றக்கூடிய ஹைட்ரஜன். மெழுகுவர்த்தி எரியும் இடத்தில் அது ஆபத்து. ஊதாத பலூனும் வெடித்த பலூனின் துண்டும் சின்னக் குழந்தைகளின் தொண்டையில் அடைத்துக்கொள்ளும். வெடித்த உடனே துண்டுகளைப் பொறுக்குவதற்கென்று ஒரு பெரியவரை நியமியுங்கள். எங்கள் வீட்டில் அது பெரியப்பாவின் பொறுப்பு.

பரிசுக்கு நான் கொடுப்பது சின்னப் பனையோலைக் கொட்டானில் கோவில்பட்டிக் கடலைமிட்டாயும் ஒரு வண்ணப் பென்சில் பெட்டியும். நிலக்கடலை ஒவ்வாத பிள்ளை இருக்கிறதா என்று பெற்றோரிடம் முன்பே கேட்டுவிடுங்கள்.

படி 7: மறுநாள் காலை

எச்சில் தட்டையும் மீந்த சோற்றையும் ஒரு பையிலும், காகிதத்தையும் பலூனையும் இன்னொரு பையிலும் அன்றிரவே பிரித்துவிடுங்கள். வாடகைப் பாத்திரங்களைக் கழுவி, இறக்கிய அன்று எழுதிக்கொடுத்த சீட்டை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக எண்ணுங்கள். அண்டா தொலையாது, தொலைவது கரண்டியும் டம்ளரும்தான். வண்டி வருவதற்கு முன் மாடித் தொட்டி, கொல்லைப்புறம், பக்கத்து வீட்டுக்குச் சாதம் கொடுத்தனுப்பிய பாத்திரம் எல்லாவற்றையும் பார்த்துவிட்டால் முன்பணம் முழுதாகக் கைக்கு வரும்.