அகதி முகாமில் வயிற்றுப்போக்கு: புதிதாகச் செல்லும் மருத்துவருக்கு

2017 ஆகஸ்டுக்குப் பின் 7 லட்சத்துக்கும் மேற்பட்ட ரோஹிங்கியா மக்கள் மியான்மாரிலிருந்து வந்து சேர்ந்த வங்கதேசத்தின் காக்ஸ் பஜார் போன்ற இடத்துக்கு முதன்முறையாகச் செல்லும் மருத்துவர், நீர்க்கரைசலைப் புகட்டும் தாயின் கையிலுள்ள கரண்டியை நம்பிப் பழக வேண்டும். அந்த நம்பிக்கைக்குச் சான்று 1971இலேயே கிடைத்துவிட்டது. இந்தியாவின் மேற்கு வங்கத்திலுள்ள பங்காவ் அகதி முகாமில் காலரா பரவி, சலைன் தீர்ந்துபோனபோது, மருத்துவர் திலீப் மகலனாபிஸ் குளுக்கோஸ், உப்பு, சமையல் சோடா மூன்றையும் நீரில் கரைத்து டிரம்களில் நிரப்பி, நோயாளிகளின் உறவினர்களையே குவளையில் பிடித்துப் புகட்டச் செய்தார். 30 விழுக்காட்டை எட்டியிருந்த இறப்பு, கரைசலைக் குடித்தவர்களிடையே 4 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது.

குழந்தை வந்ததும் கண்கள் குழிந்துள்ளனவா, தண்ணீரைத் தாகத்தோடு குடிக்கிறதா என்று பாருங்கள். பிறகு தொப்புளுக்குப் பக்கவாட்டில் வயிற்றுத் தோலை இரு விரலால் மெல்லக் கிள்ளி விடுங்கள். மடிப்பு மறைய 2 விநாடி அல்லது அதற்கு மேல் ஆகி, குழந்தை துவண்டு குடிக்கவும் முடியாமல் கிடந்தால், உடனே டிரிப்ஸ் ஏற்ற வேண்டும். அந்த அளவுக்குப் போகாமல் ஓரளவு நீரிழப்பு மட்டும் இருந்தால், கிலோவுக்கு 75 மில்லி வீதம் ஓ.ஆர்.எஸ். என்னும் உப்பு-சர்க்கரைக் கரைசலை 4 மணி நேரத்தில் கரண்டி கரண்டியாகப் புகட்டினால் போதும். அதாவது 10 கிலோ குழந்தைக்கு 750 மில்லி. வாந்தி எடுத்தால் 10 நிமிடம் பொறுத்து, இன்னும் மெதுவாகத் தொடருங்கள். தாய்ப்பாலை எக்காரணம் கொண்டும் நிறுத்தச் சொல்லாதீர்கள்.

மேற்கையின் நடுவில் நாடாவைச் சுற்றி அளக்காமல் எந்தக் குழந்தையையும் அனுப்பக் கூடாது. 6 மாதம் முதல் 5 வயது வரையுள்ள குழந்தைக்கு அந்தச் சுற்றளவு 115 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் அது கடும் ஊட்டக்குறைவு. அத்தகைய குழந்தைக்கு டிரிப்ஸை வேகமாக ஏற்றினால் இதயம் தாங்காது என்பதை, எவ்வளவு கூட்டம் நின்றாலும் மறந்துவிடாதீர்கள்.

மொழிபெயர்ப்பாளர் இன்றி நோய்வரலாறு கேட்க முயல வேண்டாம். சிட்டகாங் வட்டார மொழி ரோஹிங்கியா மொழிக்கு நெருக்கமானது என்பதால் உள்ளூர்ப் பெண் ஒருவர் உடனிருந்தால் தாய்மார் கூச்சமின்றிப் பேசுவார்கள். தண்ணீர் எங்கே பிடிக்கிறார்கள் என்றும் கேளுங்கள்; ஒரே குழாயடியிலிருந்து பலர் நோயோடு வந்தால், நீர் விநியோகத்தைக் கவனிப்பவர்களுக்கு அன்றே தெரிவியுங்கள்.

வீட்டுக்கு அனுப்பும்போது துத்தநாக மாத்திரையை, 6 மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்கு நாளொன்றுக்கு 20 மில்லிகிராம் வீதம் 10 முதல் 14 நாட்களுக்குக் கொடுங்கள். ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை 1 லிட்டர் நீரில் கரைக்க வேண்டும் என்று சொல்வதோடு நிறுத்தாதீர்கள்; கூடாரத்தில் லிட்டர் அளவை இருக்காது. தாயிடம் அவருடைய பாத்திரத்தையே கொண்டுவரச் சொல்லி, 1 லிட்டர் நீரை அளந்து ஊற்றி, நீர் நிற்கும் இடத்தில் கோடு போட்டு, அவர் கையாலேயே ஒருமுறை கரைக்க வைத்துப் பாருங்கள்.